மறு: மறு: பேக்லாஷுக்கு என்ன சொல்லலாம்? (கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது)

அனைவருக்கும் வணக்கம்.

சனிக்கிழமை வகுப்பில் பாலிடெக்னிக் பிள்ளைகள் 3018 வகை சிறிய சிஎன்சி ரவுட்டரின் (கணினி சொல்படி செதுக்கும் இயந்திரம்) இசட் அச்சை, அதாவது கட்டரை ஏற்றி இறக்கும் பகுதியை, கழற்றி மாட்டப் போகிறார்கள். அதற்கான கையேட்டில் மற்ற கலைச்சொற்கள் ஒருவழியாக முடிந்துவிட்டன, பேக்லாஷுக்குத் தமிழ்ச்சொல் மட்டும் இழுத்துக்கொண்டே போகிறது.

> பட்டறையில் எல்லாரும் 'ஆட்டம்' என்றுதான் சொல்கிறோம். நட்டு தேய்ந்தாலும் ஆட்டம், பேரிங் போனாலும் ஆட்டம். புதுச்சொல் எதற்கு?

அண்ணா, அதனால்தான் வேண்டாம் என்கிறேன். ஸ்பிண்டிலை (கட்டரைச் சுழற்றும் மோட்டார்) பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் அசைகிறதா, அது ஆட்டம். தண்டையும் பேரிங்கையும் எடுத்துவிட்டு லீனியர் ரெயில் போட்டால் தீரும். பேக்லாஷ் என்பது திருகுக்கும் நட்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி. திசை மாறும்போது மோட்டார் சுற்றும், நட்டு நகராது. அதற்கு ஸ்பிரிங் வைத்த நட்டோ பால் ஸ்குருவோதான் (நட்டுக்குள் குண்டுகள் உருளும் திருகு) வேண்டும். இரண்டுக்கும் ஒரே சொல்லைக் கொடுத்தால் பையன் தேவையில்லாத பாகத்தை வாங்கிக்கொண்டு வந்து நிற்பான்.

இசட்டில் இன்னொரு சிக்கல். ஸ்பிண்டிலின் எடை நட்டை எப்போதும் ஒரே பக்கம் அழுத்திக்கொண்டிருப்பதால், டயல் (நுண்ணிய நகர்வை முள்ளில் காட்டும் அளவி) வைத்து ஒரு மி.மீ. ஏற்றி இறக்கினால் முள் ஒழுங்காகவே காட்டும். கீழிருந்து கையால் ஸ்பிண்டிலைத் தூக்கிப் பாருங்கள், அப்போது முள் துள்ளும். கட்டர் இறங்கும்போது மரம் அதை மேலே தள்ளுவதும் இப்படித்தான், எழுத்துச் செதுக்கினால் ஆழம் குறைந்து கோடு மெலிந்துவிடும். மென்பொருளில் ஈடு கட்டலாமே என்று ஒருவர் கேட்டார். இந்த இயந்திரத்தை ஓட்டும் ஜிஆர்பிஎல் மென்பொருளில் அந்த வசதி இல்லை, இருந்தாலும் இப்படி மிதக்கிற எடைக்கு அது உதவாது.

> 'பின்னடிப்பு' அல்லது 'திருப்பிழப்பு'. தூய தமிழ், பொருளும் தெளிவு.

ஐயா, இங்கே எதுவும் பின்னால் அடிப்பதில்லை. திருப்பு + இழப்பு என்று நாம் பிரிப்போம், மாணவன் திரு + பிழப்பு என்று பிரித்துவிட்டு முழிப்பான்.

எனக்குப் பிடித்தது குழுவில் அம்மா ஒருவர் சொன்ன 'வெறுஞ்சுற்று'. வெறுமையில் 'மை' போவது (ஈறுபோதல்), சகரத்துக்கு இனமான ஞகரம் வருவது (இனமிகல்) எல்லாம் நன்னூல் சொன்னபடி. வெறுங்கை, வெறுஞ்சோறு என்று வாயில் புழங்குகிற வடிவம். கைப்பிடியைத் திருப்பும்போது 'சும்மா சுத்துதுடா' என்று பட்டறையில் சொல்வதும் இதைத்தானே?

லீடுக்கு (திருகின் ஒரு சுற்றில் நட்டு நகரும் தூரம்) 'ஏற்றம்' என்பதில் மாற்றமில்லை. நான்கு புரி ஓடும் டி8 (8 மி.மீ. விட்டத்) திருகில் புரியிடை (அடுத்தடுத்த புரிகளுக்கு நடுவிலுள்ள தூரம்) 2 மி.மீ.தான், ஆனால் நான்கு புரி என்பதால் ஒரு சுற்றுக்கு ஏற்றம் 8 மி.மீ. சுற்றுக்கு 200 படி எடுக்கும் மோட்டார், படிக்கு 16 நுண்படி என்றால் மி.மீ.க்கு 400 நுண்படி. ஒற்றைப்புரித் திருகுக்கு மாறினால் 1600. இசட்டுக்கு மி.மீ.க்கு எத்தனை படி என்று ஜிஆர்பிஎல்லுக்குச் சொல்லும் $102 அமைப்பை மாற்ற மறந்தால் சொன்னதில் கால்வாசிதான் இறங்கும். இந்தச் சொல்லை வைத்து நீர் இறைக்கிற ஏற்றத்துக்குப் போய், ஏற்றமும் கவலையும் ஒன்றா என்று இத்தனை மடல் ஓடியிருக்க வேண்டாம். மாடு பூட்டி இறைப்பது கவலை, ஆள் ஏறி இறங்குவது ஏற்றம்.

சரி, வேறு மறுப்பு இல்லையென்றால் வெறுஞ்சுற்று என்றே போடுகிறேன், முதலில் வருமிடத்தில் பேக்லாஷையும் சேர்த்து.

---

மறுப்பு உண்டு. புணர்ச்சி சரி, அளவு? பேக்லாஷை மி.மீ.யில் அளக்கிறோம். '0.15 மி.மீ. வெறுஞ்சுற்று' என்று எழுதினால் சுற்றை எப்படி நீளத்தில் அளந்தீர்கள் என்று முதல் வரிசைப் பையனே கேட்பான். நான் 'வெற்றிடை' (வெறும் இடைவெளி) என்கிறேன். வெற்றிடத்தோடு குழம்பும் என்று முன்பே சொன்னீர்கள், வாக்கியத்தில் வரும்போது குழம்பாது.

---

இரண்டுமே இருக்கட்டும் என்று நான்கு பேர் தனிமடலில் எழுதியிருக்கிறார்கள். கையேட்டில் இரண்டு சொல் போட முடியாது. வெறுஞ்சுற்று அச்சுக்குப் போகிறது. அளவு எழுதுமிடங்களில் மட்டும் 'வெறுஞ்சுற்றால் இழந்த தூரம் 0.15 மி.மீ.' என்று நீட்டி எழுதிவிட்டேன்.

---

நீட்டி எழுத வேண்டியிருக்கிறது என்றால் சொல் இன்னும் அமையவில்லை. அடுத்த பதிப்புக்கு என் வாக்கு வெற்றிடைக்கே.