பாதி வாக்குகூட இல்லாமல் வெற்றி: சட்டமன்றத் தேர்தலுக்கு முன்னுரிமை வாக்கு வேண்டுமா?

ராயபுரம் பட்டதாரி:
2021 சட்டமன்றத் தேர்தலில் திருவொற்றியூரைப் பாருங்கள். தி.மு.க. வென்றது, அ.தி.மு.க. இரண்டாம் இடம், சீமான் 48 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகளுடன் மூன்றாம் இடம். வென்றவருக்குப் பதிவான வாக்கில் பாதிகூட இல்லை. மற்றவர்களின் இரண்டாவது விருப்பம் யார் என்று எவரும் கேட்கவில்லை.

வேட்பாளர்களுக்கு 1, 2, 3 என்று வரிசை கொடுக்கும் உரிமை வாக்காளருக்கு வேண்டும். யாருக்கும் பாதி கிடைக்காவிட்டால் கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருடைய வாக்குகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்ற வேண்டும். இது நமக்குப் புதிதல்ல. குடியரசுத் தலைவரையும் மாநிலங்களவை உறுப்பினர்களையும் தேர்ந்தெடுக்கச் சட்டமன்ற உறுப்பினர்கள் இப்படித்தான் வாக்களிக்கிறார்கள். 1969 குடியரசுத் தலைவர் தேர்தலில் வி.வி. கிரி முதல் சுற்றில் 4,01,515 வாக்கு மதிப்பு பெற்றும் பாதியைத் தாண்டவில்லை. இரண்டாம் விருப்பங்களைச் சேர்த்த பிறகே 4,20,077 ஆகி வென்றார். சட்டமன்ற உறுப்பினருக்குத் தெரிந்த கணக்கு, அவரைத் தேர்ந்தெடுக்கும் மக்களுக்குப் புரியாது என்பது அவமதிப்பு.

வியாசர்பாடி முகவர்:
தம்பி, புரியாது என்று நான் சொல்லமாட்டேன். என் கவலை எண்ணிக்கை பற்றியது. கட்சியின் சாவடி முகவர்களான நாங்கள், வாக்குப்பதிவு முடிந்ததும் எங்கள் சாவடியில் எத்தனை வாக்கு விழுந்தது என்பதைப் படிவம் 17சியில் வாங்கிக்கொள்கிறோம். எண்ணும் நாளில் அதே எண் வருகிறதா என்று பார்த்து, யாருக்கு எவ்வளவு என்று மேசையிலேயே எழுதிக்கொள்கிறோம். எல்லாச் சாவடிகளின் தாளையும் தபால் வாக்குகளையும் கூட்டினால் தொகுதியின் முடிவு வந்துவிடும். எட்டாம் வகுப்பு படித்தவரும் சரிபார்க்கலாம். உங்கள் முறையில் யாரை நீக்குவது என்பதே மொத்தத் தொகுதியையும் பார்த்த பிறகுதான் தெரியும். என் சாவடிக் கணக்கை வைத்து நான் எதைச் சரிபார்ப்பேன்?

கொடுங்கையூர் ஆசிரியை:
வாக்குச்சாவடிப் பணிக்குப் போகிறவள் என்ற முறையில் சொல்கிறேன். 2017 டிசம்பரில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் 59 பேர் நின்றார்கள். வாக்கு இயந்திரத்தின் ஒரு பலகையில் 16 பெயர்; நோட்டாவையும் சேர்த்து நான்கு பலகைகள் வேண்டியிருந்தது. முதியவர்கள் சின்னத்தைத் தேடியே நின்றுவிடுவார்கள். மூன்று சின்னங்களைத் தேடச் சொன்னால்?

இலங்கையில் 2024 செப்டம்பரில் நடந்த குடியரசுத் தலைவர் தேர்தலையும் பாருங்கள். அங்கே இரண்டாம் விருப்பம் எண்ணப்பட்டது அதுவே முதல் முறை. முதல் இருவரைத் தவிர மற்றவர்களுக்கு விழுந்தவை சுமார் 33 லட்சம் வாக்குகள். அவற்றில் சுமார் 2,73,000 மட்டுமே முதல் இருவருக்கு மாறின. அநுர குமார திசாநாயக்க வென்றார், ஆனால் செல்லுபடியான மொத்த வாக்கில் பாதியை அப்போதும் எட்டவில்லை. ராயபுரம் நண்பர் கேட்கும் பெரும்பான்மை, மக்கள் வரிசையை நிரப்பினால்தான் வரும்.

காசிமேடு:
நீங்கள் எல்லோரும் எண்ணும் மேசையிலேயே நிற்கிறீர்கள். காசிமேட்டு மீனவர்களான எங்கள் நிலைமையைக் கேளுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தது. வலை, படகு எல்லாம் கறுத்துப் போயின. கழிமுகத்துக்காக மட்டும் ஒருவர் தேர்தலில் நிற்க முன்வந்தால், முதலில் கேட்கும் பேச்சு, “உனக்குப் போட்டால் ஓட்டு பிரியும், அவன் வந்துவிடுவான்” என்பதுதான். எங்கள் தெருவிலேயே சொல்வார்கள். முன்னுரிமை வாக்கு இருந்தால் முதல் வாக்கை எங்கள் ஆளுக்கும் இரண்டாவதைப் பெரிய கட்சிக்கும் தயங்காமல் போடலாம். அந்த இரண்டாவது வாக்கைக் கேட்டுப் பெரிய கட்சிக்காரர் எங்களிடம் வருவார், கழிமுகத்துக்கு என்ன செய்வேன் என்று சொல்வார். ஜெயிக்காவிட்டாலும் பரவாயில்லை, அந்தப் பேச்சு நடக்க வேண்டும்.

ராயபுரம் பட்டதாரி:
காசிமேடு அண்ணன் சொன்னதுதான் என் முதல் காரணமும். ஆசிரியை அம்மாவுக்கு: மூன்று விருப்பம் போதும், பப்புவா நியூ கினியில் அவ்வளவுதான். ஒன்றை மட்டும் குறித்தாலும் செல்லும் என்று வைக்கலாம். முகவர் ஐயாவுக்கு: ஆஸ்திரேலியா 1918 முதல் இப்படித்தான் வாக்களிக்கிறது. அங்கே முதல் விருப்பங்களைச் சாவடியிலேயே அன்றிரவு எண்ணிவிடுகிறார்கள். கடைசியில் மோதக்கூடிய இருவருக்கு மற்ற வாக்குகள் எப்படிப் பிரியும் என்பதையும் அங்கேயே பார்க்கிறார்கள். நாமும் சாவடிவாரியாக முழு வரிசைகளையும் வெளியிட்டால் யார் வேண்டுமானாலும் கூட்டிப் பார்க்கலாமே?

வியாசர்பாடி முகவர்:
இதைத்தான் செய்யவே கூடாது. 15 வேட்பாளர்களில் மூவரை வரிசைப்படுத்த 2,730 வழிகள் உண்டு. ஒரு சாவடியில் ஆயிரம் வாக்காளர்கள்தான் இருப்பார்கள். பணம் கொடுப்பவர் முதலிடத்தில் தன் ஆளை வைத்துவிட்டு, இரண்டும் மூன்றும் யார் என்பதை வீட்டுக்கு வீடு மாற்றிச் சொல்லிவிடுவார். வெளியாகும் பட்டியலில் அந்த வரிசை இல்லையென்றால், வாங்கியவர் ஏமாற்றியது தெரிந்துவிடும். 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலைப் பணப் பட்டுவாடாவுக்காகத் தேர்தல் ஆணையமே ரத்து செய்தது. அந்தப் பகுதியில் இன்று ஏழைக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு, பணத்தை வாங்கிவிட்டும் மனசாட்சிப்படி வாக்களிக்க முடியும் என்பதுதான். அதை நாமே பறிக்கலாமா?

ராயபுரம் பட்டதாரி:
அப்படியானால் சாவடிகளைக் கலந்து எண்ணட்டும். 14 இயந்திரங்களின் வாக்கை ஒன்றாகக் கூட்டும் கருவியைத் தேர்தல் ஆணையமே 2008இல் முன்மொழிந்தது. 2015இல் சட்ட ஆணையமும் ஆதரித்தது.

வியாசர்பாடி முகவர்:
கலந்துவிட்டால் என் சாவடியின் கணக்கு என் கையில் இருக்காது. ரகசியமும் சரிபார்ப்பும் இரண்டுமே வேண்டும் என்கிறேன். நீங்கள் ஒவ்வொரு முறையும் ஒன்றைக் கொடுத்து மற்றதை எடுக்கிறீர்கள்.

காசிமேடு:
முகவர் அண்ணே, இன்றைய முறையிலும் எங்கள் கழிமுகத்துக்கு வாக்கு விழுவதில்லையே. அதற்கு என்ன பதில்?

வியாசர்பாடி முகவர்:
அதற்கு என்னிடம் பதில் இல்லை, ஒரு யோசனை உண்டு. ஊரக உள்ளாட்சித் தேர்தலுக்கு இன்றும் காகித வாக்குச்சீட்டுதான். எண்ணூருக்குப் பக்கத்திலுள்ள மீஞ்சூர் ஒன்றியத்தில் சில ஊராட்சித் தலைவர் பதவிகளுக்கு, சட்டத்தைத் திருத்தி, மூன்று விருப்பத்தோடு நடத்தட்டும். எல்லா வார்டுச் சீட்டுகளையும் ஒரே மேசையில் கொட்டிக் கலந்து, முகவர்கள் கண்முன் ஒவ்வொரு சுற்றையும் கட்டுக்கட்டாகப் பிரித்து எண்ணட்டும். இயந்திரத்தைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.

கொடுங்கையூர் ஆசிரியை:
அதற்கு மாதிரிச் சீட்டை முதலில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும். எண் எழுதத் தெரியாதவர் இரண்டாம் விருப்பத்தை எப்படிக் குறிப்பார் என்று யாராவது வரைந்து காட்டுங்கள், பார்க்கிறேன்.