பழைய சீன வரலாற்றாசிரியர் சீமா சியென் எழுதிய ‘ஷிஜி’ (வரலாற்றுப் பதிவுகள்): உங்களை உலுக்கிய இடம் எது?

வடகரை
எனக்குப் பண்டைய அமைச்சர் யான் யிங் கதை. கைதியாகக் கட்டுண்டு போகும் யுயெ ஷிஃபுவை வழியில் பார்த்ததும், தன் வண்டியின் இடப்பக்கக் குதிரையை அவிழ்த்துக் கொடுத்து மீட்கிறார் அந்த அமைச்சர். கடைசியில் சீமா சியென் தன் குரலிலேயே பேசுகிறார்: யான் யிங் இன்று இருந்தால் அவருக்குச் சாட்டை பிடிக்கும் வேலையைக்கூட மகிழ்ச்சியாகச் செய்வேன். அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. கி.மு. 99-இல் வடக்கு நாடோடிகளான சியோங்நுக்களிடம் சரணடைந்த தளபதி லீ லிங்குக்காகப் பரிந்து பேசி, ஹான் பேரரசர் வூவின் கோபத்துக்கு ஆளானவர் சீமா சியென். பணம் கட்டினால் தப்பலாம்; கையில் இல்லை. நண்பர்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆண்மை நீக்கினார்கள். இவருக்காக அவிழ்க்க ஒரு குதிரை யாரிடமும் இல்லாமல் போயிற்றே.

பனையடி
தளபதி லீ குவாங். அதே லீ லிங்கின் தாத்தா. சியோங்நுக்களோடு எழுபதுக்கும் மேற்பட்ட மோதல்கள், பிரபுப் பட்டம் மட்டும் கிடைக்கவே இல்லை. படை வழி தவறித் தாமதமானதற்கு விசாரணை. அறுபதைத் தாண்டிய வயதில் எழுத்தர்கள் முன் நிற்க மாட்டேன் என்று கழுத்தை அறுத்துக்கொள்கிறார். அப்புறம் சீமா சியென் சொல்கிறார்: நான் அவரைப் பார்த்திருக்கிறேன், நாட்டுப்புறத்து ஆள் மாதிரி இருப்பார், பேச வராது. அத்தனை போர்களையும்விட இந்த இடம்தான் என் மனதில் நிற்கிறது.

நெல்வயல்
நேர்மையான சகோதரர்கள் போ யியும் ஷூ ச்சியும் ஷோயாங் மலையில் பட்டினியால் சாகிறார்கள். கொள்ளையன் ட்சீ ஆயுள் முடிய வாழ்கிறான். வானத்தின் நீதி சரியா தவறா என்று கேட்கிறார் பாருங்கள், அங்கே.

கல்மண்டபம்
வடகரை, எல்லாவற்றையும் அந்தத் தண்டனையோடு முடிச்சுப் போடுவது சரியில்லை. கி.மு. 110-இல் அப்பா சீமா டான் சாகும் தறுவாயில் மகன் கையைப் பிடித்து அழுது ஒப்படைத்த வேலை இந்த நூல். எனக்கு மறக்காதது அந்தக் கைதான்.

புதிதாகப் படிப்பவர்கள் நண்பர் ரென் ஆனுக்குத் தன் தண்டனையைப் பற்றிச் சீமா சியென் எழுதிய கடிதத்தை முதலில் எடுக்காதீர்கள். எடுத்தால் 130 அத்தியாயங்களிலும் அந்தக் காயத்தையே தேடுவீர்கள். முதலில் வாழ்க்கை வரலாறுகளைப் படியுங்கள். முடிவில் அவர் கருத்துச் சொல்லும் பகுதிகளைத் தனியாக ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். ஹான் வம்சத்தை நிறுவியவரோடு போட்டியிட்ட சியாங் யூவைக் கட்டாயம் பாருங்கள். தோற்றவனைப் பேரரசர்கள் வரிசையில் உட்கார வைக்கிறார். ஆனால் வானம்தான் தன்னை அழித்தது என்று அவன் சொன்னதை அபத்தம் என்று கண்டிக்கவும் செய்கிறார். பரிவு அவர் கண்ணை மறைக்கவில்லை.

வடகரை
தொடங்கியது முன்பே, சரி. முடித்தது எப்போது? நூல் பாதியில் நிற்கும்போது தண்டனை வந்தது, அது முடியாமல் போய்விடக் கூடாதென்றே அவமானத்தைத் தாங்கினேன் என்று நீங்கள் தள்ளி வைக்கச் சொல்லும் கடிதத்தில் அவரே எழுதியிருக்கிறார்.