ஆவாரை ஹெர்பேரியம் பதிவுகள்: பழைய தாள்கள் எல்லாம் ஒரே புள்ளியில் விழுகின்றன, உதவி தேவை

தங்கரளி: வணக்கம். ஆய்வேட்டுக்காக ஆவாரையின் பரவல் படத்தை அவசரமாக வரைந்துகொண்டிருக்கிறேன். உலர்செடித் தாள்களைக் காக்கும் ஹெர்பேரியங்களின் பதிவுகளை ஏற்றியதும், பழைய தாள்கள் பல நாட்டின் நடுவே ஒரே புள்ளியில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. அவற்றுக்கு ஆண்டு 1866 அல்லது 1867 என்றிருக்கிறது. எப்படிச் சரிசெய்வது?

வரைபடப்பித்தன்: தரவை எங்கிருந்து இறக்கினீர்கள், எந்த மென்பொருளில் திறந்தீர்கள் என்று சொல்லவில்லையே. அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

களப்பை: எக்செல்தான் காரணம். 1900க்கு முந்தைய நாள்களை அது தேதியாகவே ஏற்பதில்லை. கோப்பை எக்செலில் திறந்தீர்களா?

பழந்தாள்: இடம் மாறியிருந்தால் நம்மூர் ஆவாரை ஸ்வால்பார்ட் தீவுகளின் பக்கம் பனிக்கடலில் பூத்திருக்கும், நாட்டின் நடுவில் விழுந்திருக்காது. பதில் எழுதுமுன் ஒருமுறை நிலப்படத்தைப் பார்ப்பது நல்லது. தங்கரளி, சேகரித்தவர் பெயரும் இட விவரமும் என்னவென்று எழுதாமல் உதவி கேட்டால் நாங்கள் ஜோசியமா பார்ப்பது?

தங்கரளி: ஜிபிஃப் என்ற உலக உயிரினப் பதிவுத் தளத்தின் தரவு, கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள், எக்செலைத் தொடவில்லை. சேகரித்தவர் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தாவரவியலாளர் வைட். இடம் 'பெனின்சுலா இண்டியே ஓரியன்டாலிஸ்' என்று மட்டும் இருக்கிறது. ஆயத்தொலைவு 20, 77.

கொன்றைநிழல்: பெயரைக் கவனித்தீர்களா? ஆவாரையின் அறிவியல் பெயர்களான காசியா ஆரிகுலேட்டா, சென்னா ஆரிகுலேட்டா இரண்டையும் தேட வேண்டும். 1982இல் தாவரவியலாளர்கள் இர்வினும் பார்னபியும் காசியா பேரினத்தைப் பிரித்த பிறகுதான் இந்தக் குழப்பமெல்லாம் தொடங்கியது.

பழந்தாள்: ஆவாரையை ராக்ஸ்பரோவின் ஃப்ளோரா இண்டிகா நூல் 1832இலேயே சென்னாவில் வைத்துவிட்டது. அவ்விருவர் மீதும் பழி வேண்டாம்.

கொன்றைநிழல்: வைத்தது சரி, அதை யார் பின்பற்றினார்கள்? இருபதாம் நூற்றாண்டுத் தாள்களில் பெரும்பாலானவற்றில் காசியா என்றுதானே எழுதியிருக்கிறது.

வரைபடப்பித்தன்: இந்தச் சண்டையைத் தனி இழையில் வைத்துக்கொள்ளலாமே. 20, 77 என்ற முழு எண்கள், நாட்டின் பெயரை மட்டும் வைத்து இந்தியாவுக்குப் பொதுவாக இடப்படும் மையப் புள்ளி.

பழந்தாள்: இப்போது சரியாகச் சொன்னீர்கள். வைட்டின் சேகரிப்பில் மிகுந்திருந்த இரட்டைத் தாள்களை லண்டனின் கியூ தாவரவியல் தோட்டம் 1866, 67ஆம் ஆண்டுகளில் பல ஹெர்பேரியங்களுக்குப் பங்கிட்டு அனுப்பியபோது, அவற்றில் ஒட்டிய அச்சிட்ட லேபிளில் தீபகற்ப இந்தியா என்ற இடமும் பங்கீட்டு ஆண்டும் மட்டுமே இருந்தன. தட்டச்சு செய்தவர் அந்த ஆண்டையே சேகரித்த ஆண்டாக ஏற்றியிருக்கிறார். வைட் 1853லேயே இந்தியாவை விட்டுப் போய்விட்டாரே, 1867இல் இங்கே எப்படிச் செடி பறிப்பார்? ஆகவே ஆண்டை வெற்றாக விடுங்கள், ஆயத்தொலைவை நீக்குங்கள். ஒரே சேகரிப்பின் தாள்கள் நான்கைந்து ஹெர்பேரியங்களிலிருந்து தனித்தனிப் பதிவாக வந்திருக்கும். சேகரிப்பு எண்ணும் சில தாள்களில் இராது என்பதால், படங்களை அருகருகே வைத்துத்தான் இரட்டைகளைக் கண்டுபிடிக்க வேண்டும்.

களப்பை: ஆயத்தொலைவின் நிச்சயமின்மை எத்தனை மீட்டர் என்று தரும் நிரலையும் பாருங்கள். வெற்றாக இருந்தால் அந்தப் புள்ளியை நம்ப வேண்டாம்.

தங்கரளி: மிக்க நன்றி. அந்த நிரல் வெற்றாகத்தான் இருக்கிறது. தாள் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்ததில், இரண்டில் மட்டும் அச்சு லேபிளுக்குக் கீழே மையில் ஊர்ப் பெயர் எழுதியிருக்கிறது. அவற்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைப் படத்திலிருந்து எடுத்துவிட்டேன்.

பழந்தாள்: எந்த ஊர்?