காசு மாதிரி இருக்கும், காசு இல்லை: செட்டிநாட்டில் உங்கள் கையில் சிக்கியவை

காரைக்குடி வில்லை:

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் பழைய சாமான் பார்க்க வருகிறவர்கள் காசுத் தட்டில் கை வைத்தால் விக்டோரியா தலையையும் ஜார்ஜ் தலையையும்தான் பொறுக்குவார்கள். எனக்கு அடியில் கிடக்கிற கழிசல்தான் வேண்டும். முத்திரை குத்தியது, ஓட்டை போட்டது, பித்தளை வில்லை, சேவகர் மாட்டிய டவாலிப் பில்லை, இந்த ரகம். "அதெல்லாம் செல்லாத சாமான் சார்" என்பார்கள். செல்லாததால்தானே கேட்கிறேன். உங்களிடம் அப்படி எது வந்து சேர்ந்தது, எந்த வழியாக வந்தது, அதில் என்ன குத்தியிருக்கிறது, எழுதுங்கள். விலையை மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள்.

என்னுடையது ஒரு வெள்ளி டாலர். கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டில் பங்கு பிரித்தபோது வெளியே வந்த கைப்பெட்டியின் அடியில் கிடந்தது. அந்த வீட்டு ஐயா சிங்கப்பூருக்குக் கொண்டுவிக்க, அதாவது வட்டித்தொழில் பார்க்க, போனவர். மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கியில் (செட்டியார்களின் வட்டிக்கடைகள் இருந்த கட்டடம்) பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடியாகச் சேர்ந்து, கடையை நடத்தும் மேலாளாகி ஊர் திரும்பியவர். டாலரின் ஒரு பக்கம் சூலம் பிடித்து நிற்கும் பிரிட்டானியா, மறுபக்கம் சீன எழுத்தும், ஜாவி என்கிற அரபு வழி எழுத்தில் மலாயும். 1895 முதல் கீழ்க்கடல் வியாபாரத்துக்கென்றே அடித்த டாலர் இது. பெரும்பகுதி அடித்தது பம்பாய் நாணயச்சாலையில். சூலத்தின் நடு முனையில் பொடியாக ஒரு 'பி' இருக்கும், லென்ஸ் இல்லாமல் தெரியாது. நம் நாட்டில் அடித்து, ஹாங்காங்கும் மலாயாவும் சுற்றி, ராமநாதபுரம் சீமைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

ஆனால் நான் வாங்கியது பிரிட்டானியாவுக்காக அல்ல. அவள் முழங்கால் பக்கத்தில் ஒன்று, கேடயத்தின் மேல் ஒன்று, விளிம்போரம் பாதி அழிந்தது ஒன்று என்று சீன முத்திரைகள். சீன வியாபாரிகளும் காசு சோதித்து மாற்றிக் கொடுக்கும் அங்கத்திய சராபுகளும் 'இது நல்ல வெள்ளி, நான் சோதித்துவிட்டேன்' என்று குத்துவது. அடுத்த கைக்குப் போனால் அவர் இவரை நம்பமாட்டார், தன் பங்குக்கு ஒன்று குத்துவார். குத்துப்பட்டுக் குத்துப்பட்டுக் கிண்ணம் போலக் குழிந்துபோன டாலர்களும் உண்டு. நாணயம் சேர்ப்பவர்களில் பலர் இதைச் சேதம் என்று ஒதுக்குவார்கள். என்னைக் கேட்டால், சுத்தமான டாலர் பெட்டியில் தூங்கியது, இதுதான் கடைத்தெருவில் வேலை பார்த்தது.

இதில் போலி ஏராளம். எடை 26.95 கிராம் இருக்கவேண்டும், தேய்ந்திருந்தால் கொஞ்சம் குறையும். முத்திரையின் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். அச்சை வைத்து அடித்திருந்தால் வெள்ளி ஒதுங்கி வரம்பு கட்டியிருக்கும், பின்பக்கம் அதே இடம் லேசாகத் தட்டையாகியிருக்கும். வார்த்த போலியில் முத்திரையும் சேர்ந்தே வார்க்கப்பட்டிருக்கும். ஓரம் மழுங்கல், பின்பக்கத்தில் ஒரு பாதிப்பும் இருக்காது.

பள்ளத்தூர் மருமகள்:

எங்கள் வீட்டில் டாலர் இல்லை, ஜப்பான் யென். டிராகன் போட்ட வெள்ளி. சாமி அறையில் மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்தார்கள். அதில் ஒரு சின்ன வட்டத்துக்குள் ஒரே ஒரு எழுத்து குத்தியிருக்கிறது. அதுவும் நீங்கள் சொல்கிற சராபு முத்திரையா? வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை அத்தை புளி போட்டு விளக்கிவிடுவார்கள். "இத மட்டும் விட்ருங்க அத்தை" என்றேன். "சாமிக்கு முன்னாடி கறுப்பா வைக்கச் சொல்றியாத்தா?" என்று திருப்பிக் கேட்டார்கள். கடைசியில் அதற்குப் பதிலாக ஒரு ஜார்ஜ் ரூபாயை விளக்கி வைத்துக்கொள்வது, யென் என் பீரோவுக்கு என்று முடிவானது.

காரைக்குடி வில்லை:

அது சராபு குத்தியது இல்லை, ஜப்பான் அரசாங்கமே குத்தியது. 1897-இல் அவர்கள் பணத்தின் மதிப்பைத் தங்கத்தை வைத்துக் கணக்கிட மாறியபோது உள்நாட்டில் வெள்ளி யென்னை நிறுத்தினார்கள். கையிருப்பில் இருந்ததில் 'வெள்ளி' என்ற எழுத்தைக் குத்தி தைவான் போன்ற வெளி இடங்களுக்கு அனுப்பினார்கள். முத்திரை இடப்பக்கம் இருந்தால் ஒசாகா, வலப்பக்கம் இருந்தால் டோக்கியோ. உங்களுடையது எந்தப் பக்கம்?

பள்ளத்தூர் மருமகள்:

இடது.

தேவகோட்டை டைனமோ:

நீங்கள் எல்லாம் கடல் கடந்த சாமான் பேசுகிறீர்கள், நான் உள்ளூர்க்காரன். சைக்கிள் வரி வில்லைதான் என் சேகரிப்பு. அந்தக் காலத்தில் சைக்கிளுக்கு நகராட்சியில் வரி கட்டினால் ஒரு தகர வில்லை தருவார்கள், ஹேண்டில்பாருக்குக் கீழே முடுக்கிக்கொள்ளவேண்டும். வருஷத்துக்கு வருஷம் வடிவம் மாறும், வட்டம், சதுரம், முக்கோணம் என்று. தூரத்திலிருந்தே போன வருஷத்து வில்லையா என்று பார்த்துப் பிடிக்க வசதி. சைக்கிள் கடைகளில் பழைய நட்டு, பால்ரஸ் போட்டு வைத்திருக்கும் டப்பாவைக் கவிழ்த்துப் பாருங்கள், இன்னும் கிடைக்கும். நாய் வில்லையும் அப்படியே. நாய் வில்லைதான் அரிது, நாய்க்கு யார் ஒழுங்காக வரி கட்டினார்கள்?

புதுவயல் செம்பு:

ஒரு எச்சரிக்கை. 'கிழக்கிந்தியக் கம்பெனி, 1818, அரையணா' என்று போட்டு, மறுபக்கம் ராமர் பட்டாபிஷேகமோ அனுமாரோ இருக்கும் செம்புக் காசுக்குக் கோடி ரூபாய் என்று எங்கள் பக்கம் இன்னும் ஆள் வருகிறார்கள். சில காசில் 'யு.கே.எல். ஒரு அணா' என்றும் இருக்கும். கம்பெனி சென்னையில் அடித்த தங்க வராகனில் விஷ்ணு உண்டு, அது வேறு. செம்பு அரையணாவில் சாமி உருவம் போட்டதே இல்லை. ஒரு அணா என்று தனி நாணயமே எட்வர்ட் மன்னர் காலத்தில்தான் வந்தது, அதுவும் செம்பில் இல்லை. இதெல்லாம் பின்னால் யாரோ அடித்த பக்தி வில்லை. பூஜையில் வைக்கலாம், நூறு இருநூறு கொடுத்து வாங்கவும் செய்யலாம்.

இரிடியம், இடி விழுந்த செம்பு, காந்தம் மாதிரி அரிசியை இழுக்கும், கோடிக்குப் போகும் என்று யாராவது சொன்னால் அது மோசடி, உடனே எழுந்து வந்துவிடுங்கள். எங்கள் சொந்தத்தில் ஒருவர் வீட்டுக்கே வந்து இழுத்துக் காட்டினார்கள். 'எங்க வீட்டு அரிசிய இழுக்கச் சொல்லுங்க' என்று அப்பத்தா உள்ளே போய் ஒரு படி அளந்து கொண்டுவந்து வைத்தார். வந்தவர்களுக்கு அவசரமாக பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

அரிமளம்:

நிஜக் காசாக இருந்தும் வில்லை மாதிரி நடந்துகொண்டது எங்கள் புதுக்கோட்டை அம்மன் காசு. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய'. சமஸ்தான காலத்தில் நவராத்திரிக்கு அரிசியோடு சேர்த்துக் கொடுப்பார்கள். செட்டிநாட்டுக் கடைகளில் கைநிறைய அள்ளலாம். அச்சு நடுவில் விழாமல் ஒதுங்கிய பழைய மொத்தைக் காசுகளைத் தனியாகப் பிரித்து வையுங்கள்.

சிங்கம்புணரி சாலை:

இந்த மண்ணிலிருந்து கப்பலேறியது வட்டிக்கடைக்காரர்கள் மட்டும் இல்லை. திருப்பத்தூரில் பழைய இரும்புக் கடையில் எனக்கு ஒரு தகர வில்லை கிடைத்தது. அழகு ஒன்றும் கிடையாது. ஓரத்தில் கயிறு கோர்க்க ஓட்டை, ஒரு எழுத்து, கீழே எண்கள். இலங்கைத் தோட்டங்களுக்குக் கங்காணி மூலம் போன கூலியாட்களின் கழுத்தில் கட்டிய வில்லை அது. கப்பலேறும் முன் ஆட்களைத் தங்கவைத்த மண்டபம் முகாமில் இருந்து தோட்டம் வரை ஆளுக்கு அடையாளம் அதுதான். எந்த மாவட்டம், எந்தத் தோட்டம், எத்தனையாவது ஆள், எல்லாம் அதில் உண்டு, பெயர் கிடையாது. வழிச்செலவு போய் இறங்கியதும் கடனாக ஏறும். கடைக்காரர் எடைக்குத்தான் போட்டுக் கொடுத்தார். வில்லை சேர்க்கிறவர்கள் யாராவது இதற்கு 'அரிது, நல்ல நிலை' என்று எழுதினால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். ஆனாலும் உருக்கப் போகாமல் யாராவது வைத்திருக்கத்தானே வேண்டும்.

கோட்டையூர் இரண்டாம் கட்டு:

ஒரு சந்தேகம். எங்கள் வீட்டில் ஒரு பித்தளை வில்லை இருக்கிறது. புள்ளி புள்ளியாகக் குத்தி எங்கள் விலாசம் (குடும்பப் பெயரெழுத்துகள்), கீழே தமிழ் எண்ணில் ௧௨ (12). மேலே ஓட்டை. பர்மாவில் எங்கள் கடையில் ஆட்களுக்குக் கொடுத்த சாப்பாட்டு டோக்கன் என்று ஒரு வியாபாரி சொல்கிறார், நல்ல விலையும் கேட்கிறார். ஆச்சி சாவி வில்லை என்கிறார்கள்.

காரைக்குடி வில்லை:

ஓட்டையின் மேல் விளிம்பு மட்டும் தேய்ந்து மெலிந்திருக்கிறதா? முகத்தில் எழுத்து கூர்மையாகவே இருக்கிறதா?

கோட்டையூர் இரண்டாம் கட்டு:

ஆமாம், இரண்டும்.

காரைக்குடி வில்லை:

அப்படியானால் ஆச்சி சொல்வதுதான் சரி. கை மாறிய டோக்கன் முகம் தேயும். இது வளையத்தில் தொங்கியிருக்கிறது. டோக்கன் என்றால்தான் வியாபாரிக்கு விலை, அதனால் அவர் பர்மாவை விடமாட்டார். 12 இருந்தால் மற்ற எண்களும் அந்த வீட்டில்தான் இருக்கும். சாமான் அறைக் கதவுக்குப் பின்னால் ஆணி அடித்திருக்கிறதா என்று பாருங்கள். விளக்கிவிடாமல் படம் எடுத்துப் போடுங்கள்.