ஃபூ குவோக் தீவுக்குப் பெற்றோருடன் செல்கிறோம்: பேச்சிலும் பழக்கத்திலும் எவற்றைக் கவனிக்க வேண்டும்?

கேள்வி: கோத்தகிரி ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். பொங்கல் விடுமுறை முடிந்ததும் என் பெற்றோரை அழைத்துக்கொண்டு வியட்நாமின் ஃபூ குவோக் தீவுக்குச் செல்லவிருக்கிறேன். விமானம், தங்குமிடம் பற்றிய தகவல்கள் எளிதில் கிடைத்துவிட்டன. அங்குள்ள மக்களிடம் எப்படிப் பேசுவது, எப்படி நடந்துகொள்வது என்பதுதான் எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. அம்மா முட்டைகூடச் சேர்க்காத சைவம். அப்பாவுக்குக் காது சற்று மந்தம் என்பதால் எப்போதும் உரக்கத்தான் பேசுவார்; பழகாதவர்கள் அதைக் கோபம் என்று எடுத்துக்கொள்வார்களோ என்று கவலையாக இருக்கிறது. எங்கள் மூவருக்குமே வியட்நாமிய மொழியில் ஒரு சொல்லும் தெரியாது.

சீசன் நாட்களில் கோடநாடு செல்லும் வழியில் வண்டியை நிறுத்திவிட்டு, கொழுந்து பறிக்கும் பெண்களிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் அவர்களுடைய முகத்துக்கு நேரே கைப்பேசியை நீட்டுபவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தத் தீவு மக்களின் கண்ணுக்கு நாங்கள் அப்படித் தெரிந்துவிடக் கூடாது என்பதே என் விருப்பம். அங்கே இருந்தவர்கள், சென்று வந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: கொடைக்கானல் சமையற்காரன்

வணக்கம் அக்கா. அந்தத் தீவில் ஒரு விடுதியின் சமையலறையில் சில காலம் வேலை பார்த்தவன் என்பதால், அம்மாவின் சாப்பாட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேட்டவற்றில், பேச்சு கொஞ்சம் பிசகினாலும் உடனே சிக்கலாகிவிடும் இடம் அதுதான்.

ஃபூ குவோக் தீவே நுவொக் மாம் என்னும் மீன் சாற்றுக்குப் பேர்போனது. நெத்திலியை உப்புடன் கலந்து, ஆள் உயரத்துக்கும் மேற்பட்ட மரப்பீப்பாய்களில் ஏறத்தாழ ஓராண்டு ஊறவைத்து அதை வடித்தெடுக்கிறார்கள். நம் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு இருப்பதைப் போல, இந்தச் சாற்றின் பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2012இல் பாதுகாப்பு அளித்தது. அவர்களுடைய சமையலில் அது இல்லாத பண்டம் குறைவு. ஆகவே, "மீன் வேண்டாம், இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால், சமைப்பவர் மீன் துண்டை எடுத்துவிட்டுச் சாற்றை வழக்கம்போல ஊற்றிவிடுவார். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. உப்பை நாம் தனியாக நினைத்துப் பார்க்காததைப் போல அவரும் அந்தச் சாற்றை நினைப்பதில்லை. வள்ளைக்கீரை வதக்குவதை அருகில் நின்று பார்த்தால் இது விளங்கும்: சட்டி புகையக் காய்ந்ததும் நசுக்கிய பூண்டு, அதன் மேல் கீரை, இரண்டு புரட்டு, இறக்கும்போது கரண்டியில் அந்தச் சாறு ஓரமாக ஒரு சுற்று. ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். இடையில் புகுந்து தடுக்க நேரமே இருக்காது.

எனவே "ஆன் சாய்" என்று சொல்லுங்கள். புத்த சமயத்தார் கடைப்பிடிக்கும் சைவ உணவு முறைக்கு அங்கே அதுதான் பெயர். அதைச் சொன்னவுடன் இது விருப்பு வெறுப்பு அல்ல, நோன்பு என்று எதிரில் இருப்பவருக்குப் புரிந்து, மரியாதையுடன் கவனிப்பார். அவர்களிலேயே பலர் சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும், அதாவது நம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, சைவம் மட்டுமே உண்பார்கள். பெயர்ப்பலகையில் "சாய்" என்ற சொல் உள்ள உணவகங்களுக்கு அம்மாவைத் தயங்காமல் அழைத்துச் செல்லலாம். முட்டையை மட்டும் அங்கும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால், அது தொனி மாறினால் பொருள் மாறும் மொழி. நாம் சொல்லும் "சாய்" அவர்கள் காதில் வேறொன்றாக விழக்கூடும். ஆகவே, மீன் சாறு, சிப்பிச் சாறு, இறால் விழுது, எலும்பு வேகவைத்த நீர், முட்டை ஆகிய எதையும் சேர்க்க வேண்டாம் என்பதை வியட்நாமிய எழுத்தில் ஒரு தாளில் வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசி மொழிபெயர்ப்பை அப்படியே நம்பாமல், விடுதி வரவேற்பறையில் காட்டித் திருத்தி எழுதித் தரச் சொல்லுங்கள். எலும்பு நீரை விட்டுவிடாதீர்கள். காய்கறி மட்டும் மிதக்கும் நூடுல்ஸ் குழம்புக்கும் அடிப்படை பெரும்பாலும் அதுதான். தொட்டுக்கொள்ள மீன் சாற்றுக்குப் பதிலாக "நுவொக் துவோங்" கேட்டால் சோயா சாறு கொடுப்பார்கள்.

சாப்பிடும் குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாக நட்டு வைக்கக் கூடாது என்பதை அப்பாவிடமும் சொல்லி வையுங்கள். இறந்தவர்களுக்குப் படைக்கும் சோற்றில் ஊதுபத்தி நிற்கும் கோலம் அது.

பதில்: குன்னூர், ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்

அன்புள்ள மகளுக்கு, நானும் என் துணைவியாரும் அங்கே சென்று வந்திருக்கிறோம். மொழி தெரியாதது நீங்கள் அஞ்சும் அளவுக்குப் பெரிய தடையாக இருக்காது என்பது என் எண்ணம். வயதுக்குத் தரும் மரியாதையும் குரலின் பதமும் சரியாக இருந்தால் மற்றதை அவர்களே பொறுத்துக்கொள்வார்கள்.

அறிமுகமான சிறிது நேரத்திலேயே உங்கள் வயதையும், திருமணம் ஆகிவிட்டதா என்பதையும் கேட்பார்கள். அதை ஊடுருவலாகக் கருத வேண்டாம். நம்மைப் போலவே அவர்களும் ஒருவரை அண்ணன், அக்கா, தம்பி, மாமா என்று முறை வைத்துத்தான் அழைக்கிறார்கள். எதிரில் இருப்பவரின் வயது தெரியாமல் அவர்களால் ஒரு வாக்கியத்தைக்கூடச் சரியாகத் தொடங்க முடியாது. உங்களைவிடச் சற்று மூத்த ஆணை "ஆன்" என்றும், மூத்த பெண்ணை "சீ" என்றும், இளையவரை "எம்" என்றும் அழைக்கலாம். பாட்டி வயதுடையவருக்கு "பா", தாத்தா வயதுடையவருக்கு "ஓங்". உணவகத்தில் பரிமாறும் இளைஞரைக் கூப்பிட "எம் ஒய்" என்பார்கள். நம் காதுக்கு அது மரியாதைக் குறைவாகப் படலாம், ஆனால் அங்கே அது அன்பான அழைப்பு. கை தட்டியோ, விரலை மேல்நோக்கி மடக்கியோ கூப்பிடுவதுதான் அவர்களைப் புண்படுத்தும். உள்ளங்கை தரையைப் பார்க்கும்படி கையை அசைத்துக் கூப்பிட வேண்டும்.

நாம் தலையை இருபுறமும் லேசாக ஆட்டி "சரி" என்போமே, அது அங்கே எவருக்கும் விளங்காது, பலர் மறுப்பு என்றே நினைப்பார்கள். தெளிவாக மேலும் கீழுமாக அசையுங்கள். அதேபோல், அவர்கள் "யா" என்று தொடங்கினால் சம்மதித்துவிட்டதாக முடிவு செய்துவிடாதீர்கள். நீங்கள் சொல்வதைப் பணிவுடன் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதும் அதன் பொருளாகலாம். "படகு எட்டு மணிக்குத்தானே?" என்று கேட்பதைவிட, "படகு எத்தனை மணிக்கு?" என்று கேட்டுக் கடிகாரத்தைக் காட்டச் சொல்வது நல்லது.

கேள்வி எழுப்பியவர்: கோத்தகிரி ஆசிரியை

தம்பிக்கும் ஐயாவுக்கும் மிக்க நன்றி. அந்தத் தாளை முதல் நாளே எழுதி வாங்கிவிடுகிறேன். அப்பாவின் குரலைப் பற்றித்தான் இன்னும் கவலை. சந்தையில் பேரம் பேசுவது அவருக்கு மிகவும் பிடித்த காரியம்.

பதில்: குன்னூர், ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்

குரல் உயர்வது வேறு, சினம் வெளிப்படுவது வேறு. பலர் முன்னிலையில் ஒருவரைக் கடிந்துகொள்வதை அவர்கள் மிகப் பெரிய அவமானமாகக் கருதுகிறார்கள். திட்டு வாங்குபவருக்கு மட்டுமன்றித் திட்டுபவருக்கும் அதில் மதிப்புக் குறைகிறது. தவறு நேர்ந்தால் பணியாளர் சிரிக்கக்கூடும். அது கேலி அன்று, சங்கடத்தை மறைக்கும் சிரிப்பு. அப்போதுதான் அப்பா பொறுமையாக இருக்க வேண்டும். மற்றபடி, "என் தந்தைக்குக் காது கேட்பது குறைவு, கோபமில்லை" என்று இன்னொரு தாளில் எழுதி வைத்துக் காட்டினால் போதும். முதியவரைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கும் மகளிடம் அவர்கள் காட்டும் பரிவை நீங்களே பார்ப்பீர்கள்.

பதில்: உதகை மார்க்கெட் கடைக்காரர்

பேரத்தைப் பற்றி நான் சொல்கிறேன். நமக்குப் போணி எப்படியோ, அவர்களுக்கும் அப்படியே. காலையில் கடை திறந்தவுடன் வரும் முதல் ஆள் அடித்துப் பேரம் பேசிவிட்டு வாங்காமல் போனால் அன்றைய வியாபாரமே கெடும் என்று நம்புகிறார்கள். ஆகவே, விடிந்ததும் வேடிக்கை பார்க்கப் போய் விலை கேட்க வேண்டாம். வாங்கும் எண்ணம் இருந்தால் மட்டும் கேளுங்கள். யுவோங் டோங் ஊரின் இரவுச் சந்தையில் அப்பா மனநிறைவுடன் பேரம் பேசலாம், ஆனால் சிரித்த முகத்துடன். விலை எழுதி ஒட்டிய கடையிலும் உணவகத்திலும் பேரம் கிடையாது.

விலை சொல்லும்போது ஆயிரத்தை விட்டுவிடுவது அவர்கள் வழக்கம்; "ஐம்பது" என்றால் 50,000 டோங். 20,000 டோங் தாளும் 5,00,000 டோங் தாளும் நீல நிறச் சாயலில் இருப்பதால், இரவு வெளிச்சத்தில் மாற்றிக் கொடுத்துவிட வாய்ப்புண்டு. இரண்டையும் தனித்தனி உறையில் வையுங்கள். பெரியவர்களிடம் பணத்தை இரண்டு கைகளாலும் நீட்டுவதும் வாங்குவதும் மரியாதை.

கடலோரப் பாறை மேல் உள்ள டின் காவ் கோயிலுக்கும், ஹோ குவோக் புத்த விகாரைக்கும் தோளும் முழங்காலும் மூடிய உடையில் செல்லுங்கள். ஆன் தோய் பக்கம் உள்ள பழைய சிறைச்சாலையில், 1967 முதல் 1973 வரை போர்க்கைதிகள் அனுபவித்த கொடுமைகளைச் சிலைகளாக வைத்திருக்கிறார்கள். தங்கள் குடும்பத்தாரை நினைத்து அங்கே வருபவர்கள் உண்டு. சிலைகளுக்குப் பக்கத்தில் நின்று சிரித்துப் படம் எடுத்துக்கொள்வது மிகவும் தவறு. மீனவர்களைப் படம் எடுக்கும் முன் கைப்பேசியைக் காட்டி, அவர்கள் தலையசைத்த பிறகு எடுங்கள்.

அங்கே "சிம்" என்ற பழத்தில் ஒரு மதுவும் பழச்சாறும் செய்து விற்கிறார்கள். அது நம் சோலை ஓரங்களில் காய்க்கும் தவிட்டுப்பழமேதான். பேச்சைத் தொடங்க வழி தெரியவில்லை என்றால், உங்கள் ஊர்ச் செடியின் படத்தைக் கைப்பேசியில் எடுத்துச் சென்று காட்டுங்கள்.

விசாவிலும் ஒரு எச்சரிக்கை. தீவுக்குள் மட்டும் இருந்தால் 30 நாட்கள் வரை விசா தேவையில்லை. ஹோ சி மின் நகரில் விமானம் மாறும்போது, அங்கே தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயிலைப் பார்க்கலாம் என்று வெளியே வர நினைத்தால், முன்கூட்டியே மின்விசா எடுத்திருக்க வேண்டும். திரும்பும்போது யாராவது அன்பளிப்பாக மீன் சாற்றுப் புட்டி கொடுத்தால், பயணப் பெட்டியில் வைப்பதற்கு முன் விமான நிறுவனத்திடம் கேளுங்கள். உடைந்தால் நாற்றம் போகாது என்பதால் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை.