தேதி குறித்த தீர்க்கதரிசனங்கள், பயமுறுத்தும் செய்திகள்: எதை வைத்துச் சோதிப்பது?

ஜெபக்குழு_பொறுப்பு:

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம். எங்கள் வீட்டு ஜெபக்குழுவின் வாட்ஸ்அப்பில் வாரம் ஒரு தீர்க்கதரிசன வீடியோ வருகிறது. இந்த மாதம் பேரழிவு, பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் ஆசீர்வாதம் தடைபடும், விதைக் காணிக்கை (பலன் பெருகித் திரும்பும் என்று சொல்லிக் கேட்கும் பணம்) போட்டால் கட்டு உடையும் என்று. வயதான அம்மாக்கள் பயந்து இரவில் தூங்குவதில்லை. வாலிபர்கள் எல்லாவற்றையும் ஒதுக்குகிறார்கள், வேதத்தையும் சேர்த்து. எது உண்மை என்று எப்படி நிதானிப்பது? வேதத்தை எடுத்தால் ஐந்து நிமிடத்தில் கை போனுக்குப் போகிறது என்றும் சொல்கிறார்கள். அதற்கும் வழி சொல்லுங்கள்.

பெரேயா_வாசகன்:

சோதிப்பதை அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் 1 தெசலோனிக்கேயர் 5:20-21ஐக் காட்டுங்கள். தீர்க்கதரிசனத்தை அற்பமாக எண்ணக்கூடாது, எல்லாவற்றையும் சோதிக்கவும் வேண்டும். முதல் பாதி உங்கள் வாலிபர்களுக்கு, இரண்டாம் பாதி அம்மாக்களுக்கு. 1 கொரிந்தியர் 14:29இன்படி சபையில் இரண்டு மூன்று பேர் பேசலாம், மற்றவர்கள் நிதானிக்க வேண்டும். வீடியோவில் பேசுகிறவரை யாரும் எதிர்க்கேள்வி கேட்க முடியாது. அந்த ஒழுங்கு அங்கே இல்லவே இல்லை என்பதை முதலில் சொல்லிக்கொடுங்கள்.

தேதி சொன்னால் மத்தேயு 24:36 போதும்: அந்த நாளை ஒருவரும் அறியார். ஆனாலும் இந்தக் கணக்குகள் எங்கே தப்புகின்றன என்று தெரிந்திருப்பது நல்லது. அமெரிக்காவில் வில்லியம் மில்லரின் கூட்டத்தார் தானியேல் 8:14இன் 2300 நாட்களை வருஷங்களாக மாற்றி, கி.மு. 457இலிருந்து எண்ணி, கிறிஸ்து திரும்பி வரும் நாள் 1844 அக்டோபர் 22 என்று வந்து சேர்ந்தார்கள். அமெரிக்க வானொலிப் பிரசங்கி ஹெரால்ட் கேம்பிங் ஜலப்பிரளயத்தைக் கி.மு. 4990 என்று வைத்து 7000 வருஷம் கூட்டி, நியாயத்தீர்ப்பு நாள் 2011 மே 21 என்றார். அது தப்பியதும் அக்டோபர் 21 என்றார். 2012இல் தேதி குறித்தது பாவம் என்று ஒப்புக்கொண்டார், ஆனால் அதற்குள் அவரை நம்பிச் சேமிப்பைச் செலவழித்தவர்கள் இருந்தார்கள். கூட்டல் கழித்தலில் பிழை இல்லை (கி.மு. 1க்கு அடுத்தது கி.பி. 1, நடுவில் பூஜ்ய வருஷம் கிடையாது). எண்ணத் தொடங்கும் வருஷம் அந்த வசனத்தில் இல்லை, அவர்களே கொண்டுவந்து வைத்தது. யார் கணக்குக் காட்டினாலும் "ஆரம்ப எண் எந்த வசனத்தில் இருக்கிறது?" என்று கேளுங்கள்.

ஞாயிறுபள்ளி_டீச்சர்:

பயமுறுத்துகிற பொய்யை மட்டும் பார்க்காதீர்கள், ஆறுதலாக வருகிற பொய்தான் சீக்கிரம் உள்ளே போகும். புது வருஷ வாக்குத்தத்த அட்டையில் எரேமியா 29:11 (என் நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்ற வசனம்) அடிக்கடி வரும். அதைக் குழுவில் 28ஆம் அதிகாரத்தின் தொடக்கத்திலிருந்து வாசியுங்கள். அனனியா என்ற தீர்க்கதரிசி தேவாலயத்தில் எல்லார் முன்னும் நின்று, இரண்டே வருஷத்தில் ஆலயப் பணிமுட்டுகள் (பாத்திரங்கள்) பாபிலோனிலிருந்து திரும்பும் என்கிறான். கர்த்தரின் பெயரால்தான் சொல்கிறான். பாபிலோனுக்குக் கீழ்ப்படிவதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த நுகத்தை எடுத்து உடைக்கிறான். 29:10இல் கர்த்தர் சொல்லும் காலமோ எழுபது வருஷம். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களிடம், அதுவரை அங்கே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்தப் பட்டணத்துக்காக ஜெபியுங்கள் என்கிறார். 29:8 தீர்க்கதரிசிகளிடம் ஏமாறாதீர்கள் என்கிறது. அட்டையில் இருக்கும் வசனத்துக்கு மூன்று வசனம் மேலே!

இதிலிருந்து ஒரு பழக்கம்: எந்த வசனம் வந்தாலும் அதற்கு முன் அதிகாரம், பின் அதிகாரம் வாசிக்காமல் மற்றவருக்கு அனுப்பக்கூடாது. இருபது நிமிடம்கூட ஆகாது.

கவனச்சிதறலுக்கு: போன் ஆப்பில் வாசிக்க வேண்டாம், அச்சிட்ட வேதாகமம் வையுங்கள், போன் அடுத்த அறையில் இருக்கட்டும். வாய்விட்டு வாசியுங்கள். சங்கீதம் 1இல் தியானம் என்பதற்கு உள்ள எபிரெயச் சொல்லுக்கே முணுமுணுப்பது என்ற பொருள் உண்டு. பக்கத்தில் ஒரு தாள் இருக்கட்டும். கேஸ் சிலிண்டர் பதிவு, பள்ளிக்கூட ஃபீஸ் என்று நடுவில் நினைவுக்கு வருவதை ஒரு வரியில் எழுதிவிட்டு வாசிப்புக்குத் திரும்புங்கள். எழுதிவிட்டால் மனம் அதை விட்டுவிடும்.

ஜனவரியில் ஆதியாகமத்தில் தொடங்குகிறவர்கள் லேவியராகமத்தில் நிற்பது வழக்கம். புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரம். வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு ஒன்று என்றால் சரியாக 52 வாரம். மீதி இரண்டு நாள் விட்டதைப் பிடிக்க. அந்த இரண்டு நாளை வேறு எதற்கும் எடுக்காதீர்கள். எடுத்தால் ஒரு வாரக் காய்ச்சலில் திட்டமே நின்றுவிடும்.

ஜெபக்குழு_பொறுப்பு:

மிக்க நன்றி டீச்சர், நன்றி பிரதர். ஒரு சந்தேகம். "அவர் சொன்னது அப்படியே நடந்ததே" என்பவர்களுக்கு என்ன பதில்?

பெரேயா_வாசகன்:

உபாகமம் 13:1-3. ஒரு தீர்க்கதரிசி சொன்ன அடையாளம் நடந்தாலும், அவன் உங்களை வேறு தேவனிடம் இழுத்தால் கேட்கக்கூடாது. நடந்ததா என்பதோடு நிறுத்தாமல், யாரிடம் கொண்டுபோகிறது என்றும் பாருங்கள். கர்த்தரிடமா, அந்த ஊழியரின் வங்கிக் கணக்குக்கா? சொன்னது நடக்கவில்லை என்றால் உபாகமம் 18:22 அவனுக்குப் பயப்படவேண்டாம் என்று நேராகவே சொல்கிறது. அம்மாக்களுக்கு அந்த வசனத்தைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள்.

அனுப்பாவிட்டால் சாபம் என்பதற்கு நீதிமொழிகள் 26:2: காரணமில்லாத சாபம் தங்காது. காணிக்கைக்கு 2 கொரிந்தியர் 9:7: கட்டாயத்தால் கொடுக்கக்கூடாது. "இன்றிரவுக்குள் அனுப்பு" என்பது கட்டாயம்தான். ஏழு நாள் பொறுத்து, வீட்டாரிடமும் போதகரிடமும் சொல்லிவிட்டு, அப்போதும் மனம் உற்சாகமாக இருந்தால் கொடுக்கட்டும்.

ஞாயிறுபள்ளி_டீச்சர்:

ஒன்று சேர்க்கிறேன். அனுப்பிய அம்மாவைக் குழுவில் எல்லார் முன்னும் திருத்தாதீர்கள், அவர்கள் வெட்கப்பட்டுக் குழுவை விட்டே போய்விடுவார்கள், வீடியோ மட்டும் தனியாக வந்துகொண்டே இருக்கும். நேரில் போய் உட்கார்ந்து, எதைக் கேட்டுப் பயந்தார்கள் என்று விசாரித்து, சங்கீதம் 56ஐச் சேர்ந்து வாசித்து ஜெபியுங்கள். தூக்கமின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். ராத்திரி ஒன்பது மணிக்குமேல் குழுவில் யாரும் எதையும் போடக்கூடாது என்று அட்மின் இன்றைக்கே அறிவிக்கலாம்.