ரிப்போர்ட் எல்லாம் நார்மல், அம்மாவுக்கு மட்டும் உடம்பு முழுக்க வலி

சத்துவாச்சாரி பையன்:
அம்மாவுக்கு வயது 52. ஃபைப்ரோமயால்ஜியா (உடம்பு முழுக்க நாள்பட்ட வலி தரும் நோய்) என்று டாக்டர் சொல்லி ஆறு மாதம் ஆகிறது. ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எதிலும் ஒன்றும் இல்லை, அதனால் அப்பா உட்பட வீட்டில் பாதிப் பேர் நடிப்பு என்கிறார்கள். மாத்திரை தவிர நாங்கள் என்ன செய்யலாம்?

காட்பாடிவாசி:
முதலில் அந்த நடிப்புப் பேச்சை நிறுத்துங்கள் தம்பி. இதில் மூட்டோ தசையோ கெட்டுப்போவதில்லை, மூளையும் நரம்பும் வலியைப் பெரிதாக்கிவிடுகின்றன, அதனால்தான் ரிப்போர்ட்டில் தெரியாது; வலி நிஜம். என் மனைவிக்கு உதவியது நடைதான். வேலூர் கோட்டைப் பக்கம் காலை ஆறு மணிக்குப் பத்தே நிமிடம் என்று ஆரம்பித்தோம் (நம்ம ஊர் வெயிலுக்கு எட்டு மணிக்கு மேல் வேலைக்காகாது), அப்புறம் வாரா வாரம் கொஞ்சம் கூட்டினோம். வாதநோய்க்கான ஐரோப்பியக் கூட்டமைப்பு 2017இல் வெளியிட்ட பரிந்துரையிலும் உறுதியாகச் சொன்னது உடற்பயிற்சியை மட்டும்தான்.

குடியாத்தம் அக்கா:
எனக்கும் இதேதான். வலி குறைந்த நாளில் மொத்த வீட்டையும் துடைத்துவிட்டு அடுத்த மூன்று நாள் படுத்துவிடுவேன். இப்போது வேலையைப் பிரித்துக்கொள்கிறேன், குடம் தூக்குவது பையன் பொறுப்பு. தூக்கம் கெட்டால் மறுநாள் தொலைந்தது.

சத்துவாச்சாரி பையன்:
சரிங்க அக்கா. அப்பாவிடம்தான் எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை.

காட்பாடிவாசி:
அடுத்த தடவை டாக்டரிடம் அவரையும் கூட்டிப்போங்கள். நாம் சொன்னால் கேட்க மாட்டார்.